மாணவர் பேரவையும் சட்டமன்றத் தேர்தலும்: நடுவில் அறுந்த கண்ணி

சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வரும். முதல்முறை வாக்காளர்களைக் கவர எல்லாக் கட்சிகளும் முண்டியடிக்கின்றன என்பது ஒன்று. கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலை நடத்த வேண்டும் என்று மாணவர் அமைப்புகள் மீண்டும் கோருகின்றன என்பது மற்றொன்று. முதல் செய்தி பல வாரங்கள் பேசப்படுகிறது. இரண்டாவது செய்தி உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் தங்கள் கல்லூரித் தலைமையையும் மாநில அரசியலையும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இவ்விரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: கல்லூரிக்குள் தேர்தலை நிறுத்தியதால் அரசியல் கல்லூரியை விட்டு வெளியேறிவிடவில்லை. பொறுப்பும் கணக்கும் உள்ள வழி அடைபட்டது. பொறுப்பில்லாத வழிகள் திறந்துகொண்டன.

முதலில் மூன்று சொற்கள்

செய்திகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. மாணவர் பேரவை: ஒரு கல்லூரியின் அல்லது பல்கலைக்கழகத்தின் எல்லா மாணவர்களுக்கும் பொதுவான பிரதிநிதித்துவ அமைப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர், வகுப்புப் பிரதிநிதிகள் இதில் இருப்பார்கள். மூத்த தலைமுறை ‘காலேஜ் சேர்மன்’ என்று சொல்வது இந்தப் பேரவைத் தலைவரைத்தான்.

2. மாணவர் அமைப்பு: ஒரு கொள்கையை ஏற்று விரும்பிச் சேரும் மாணவர்களின் சங்கம். 1936இல் தொடங்கிய அனைத்திந்திய மாணவர் பெருமன்றம், 1970இல் தொடங்கிய இந்திய மாணவர் சங்கம், ஆர்எஸ்எஸ் சார்ந்த ஏபிவிபி, காங்கிரஸ் சார்ந்த என்எஸ்யுஐ போன்றவை இந்த வகை. இவற்றுக்குக் கல்லூரி நிர்வாகத்தின் அங்கீகாரம் தேவையில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தருகிறது.

3. கட்சியின் மாணவர் அணி: கட்சிக்குள்ளேயே ஒரு பிரிவு. அதன் பொறுப்பாளர்களைக் கட்சித் தலைமை நியமிக்கிறது. பொறுப்பில் இருப்பவர் இன்னும் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் நடைமுறையில் இல்லை.

‘கல்லூரியில் அரசியல் வேண்டாம்’ என்று சொல்பவர்கள் மூன்றாவதை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அந்த எதிர்ப்பில் அடிபட்டுப் போவது முதலாவது. மாணவர் அணிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன, தேர்தல் நேரத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. பேரவைகள்தான் காணாமல் போயின.

வாக்குரிமை இல்லாதவர்கள் ஆட்சியை மாற்றிய காலம்

தமிழ்நாட்டில் மாணவர் தலைமை என்றதும் எல்லோரும் 1965ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழியாக வேண்டும் என்பது அரசியலமைப்பு வகுத்த காலக்கெடு. அதை எதிர்த்து மதுரை, சென்னை, சிதம்பரம், கோவை எனக் கல்லூரிகள் கொந்தளித்தன. ஜனவரி 27இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றியது.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அப்போது வாக்களிக்கும் வயது 21. தெருவில் இறங்கிய கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாதவர்கள். ஆனாலும் 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்ததற்கு அவர்கள் முக்கியக் காரணம். விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன், மொழிப் போராட்டத்தில் மாணவர் தலைவராக அறியப்பட்டவர். அதே போராட்டத்திலிருந்து வந்த கா. காளிமுத்து பின்னாளில் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார். எல். கணேசன் நாடாளுமன்றம் வரை சென்றார்.

கையில் வாக்கு இல்லாத அவர்களுக்கு இந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது? உணர்ச்சி மட்டும் காரணம் என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கல்லூரிகளில் பேரவைகள் இருந்தன. ஒவ்வொரு கல்லூரிக்கும் ‘இவர்தான் எங்கள் தலைவர்’ என்று காட்ட ஓர் ஆள் இருந்தார். ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரியோடு பேச வேண்டுமென்றால் யாரிடம் பேசுவது என்று தெரியும். போராட்டக் குழு ஒரே வாரத்தில் மாநிலம் முழுக்கப் பரவ இந்த வலைப்பின்னல் இல்லாமல் முடிந்திருக்காது.

61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைத்தது. ஏறத்தாழக் கல்லூரிக்குள் காலடி வைக்கும் வயது அது. மாநில அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவர் கைக்கு வந்தபோது, தம் கல்லூரியில் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

பேரவைத் தேர்தல்கள் எப்படி நின்றன

எல்லாக் கல்லூரிகளிலும் தேர்தலை நிறுத்தும்படி ஒரே நாளில் ஓர் ஆணை வந்து நின்றதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

மாணவர் போராட்டத்தின் பலத்தோடு ஆட்சிக்கு வந்தவர்களுக்கே மாணவர்கள் விரைவில் தலைவலியானார்கள். 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் மு. கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியபோது மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். காவல்துறை தடியடி நடத்தியது. அந்த மோதலையடுத்து உதயகுமார் என்ற மாணவர் இறந்து கிடந்தார். மாணவர் சக்தியைப் போற்றிப் பேசுவது வேறு, அதைத் தனக்கு எதிரே நிற்க விடுவது வேறு என்பதை எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

இரண்டாவது காரணம் வன்முறை. இதை மறைத்துவிட்டுப் பேரவைத் தேர்தலுக்காக வாதாடுவது நேர்மையாகாது. தேர்தல் காலத்தில் ஹாக்கி மட்டையும் சைக்கிள் செயினும் வந்தன, வெளியாட்கள் வந்தார்கள், பணம் வந்தது, சாதி வந்தது. ‘தேர்தல் நடத்தினால் கல்லூரியை ஒரு வாரம் மூட வேண்டியிருக்கிறது’ என்று கல்லூரி முதல்வர்கள் சொன்னதில் உண்மை இருந்தது.

மூன்றாவது காரணம்தான் என் பார்வையில் மிகப் பெரியது. 1980களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் உயர்கல்வியின் முகமே மாறியது. அரசுக் கல்லூரி மாணவர் குடிமகனாக நிற்கும் இடத்தில் சுயநிதிக் கல்லூரி மாணவர் கட்டணம் செலுத்துபவராக நிற்கிறார். அகமதிப்பீட்டு மதிப்பெண், 75 சதவீத வருகைப் பதிவு, ஹால் டிக்கெட், மாற்றுச் சான்றிதழ் ஆகிய எல்லாம் நிர்வாகத்தின் கையில். சேரும்போதே, அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபட மாட்டேன் என்று எழுதி வாங்கும் கல்லூரிகள் உண்டு. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். வங்கிக் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்த தகப்பன் அந்தத் தாளில் கையெழுத்திடத் தயங்குவாரா?

இன்றைய நிலையில் சில பழைய தன்னாட்சிக் கல்லூரிகளிலும், சென்னை ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் அமைப்புகள் இயங்குகின்றன. மற்றப் பெரும்பாலான இடங்களில் துறைத் தலைவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஒருவரை வகுப்புப் பிரதிநிதி என்று அறிவிப்பதோடு பிரதிநிதித்துவம் முடிந்துவிடுகிறது.

லிங்டோ குழு உண்மையில் என்ன சொன்னது

‘உச்ச நீதிமன்றமே கல்லூரித் தேர்தலைத் தடை செய்துவிட்டது’ என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிரானது.

கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் மன்றத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் மத்திய அரசு 2005இல் ஒரு குழுவை அமைத்தது. 2006 மே மாதம் அது அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, பரிந்துரைகளை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. முக்கியப் பரிந்துரைகள்:

1. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவர் பிரதிநிதிகளுக்கான தேர்தலை வழக்கமாக நடத்த வேண்டும். சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறை இருக்கலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான், ஐந்தாண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும்.

2. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தேர்தல். வேட்புமனு முதல் முடிவு அறிவிப்பு வரை பத்து நாட்களுக்குமேல் போகக் கூடாது.

3. இளநிலை மாணவருக்கு 17 முதல் 22 வயது, முதுநிலைக்கு 24 அல்லது 25 வரை, ஆய்வு மாணவருக்கு 28 வரை.

4. போட்டியிடுபவருக்கு 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. குற்றப் பின்னணி இருக்கக் கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம்.

5. ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முடிவு வந்த இரு வாரங்களில் கணக்குக் காட்ட வேண்டும். அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியவை மட்டும், குறிப்பிட்ட இடங்களில் மட்டும்.

6. மாணவர் அல்லாத எவரும் தேர்தலில் பங்கேற்கக் கூடாது. அரசியல் கட்சிகளின் நேரடிப் பிடியிலிருந்து தேர்தல் விலகியிருக்க வேண்டும்.

அந்த ஐந்தாண்டுக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட நியமன முறை தமிழ்நாட்டில் நிரந்தரமாகிவிட்டது. அடிதடி, பணம், வெளியாட்கள் என்று முதல்வர்கள் அஞ்சிய ஒவ்வொன்றுக்கும் மேலுள்ள பட்டியலில் ஒரு விதி இருக்கிறது. விதிகள் வந்த பிறகும் பழைய அச்சத்தையே காரணமாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

பரிந்துரைகளில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அரியர் இல்லாதவர்தான் நிற்கலாம் என்ற விதி, காலையில் கல்லூரிக்கும் மாலையில் வேலைக்கும் போகும் முதல் தலைமுறை மாணவரை வெளியே நிறுத்துகிறது. விடுதிச் சோறு, உதவித்தொகைத் தாமதம் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியானவர் யார்? ஒரே முறை என்ற கட்டுப்பாடும் அனுபவத்தைச் சேரவிடாமல் செய்கிறது. இவை திருத்தப்பட வேண்டியவை. திருத்தம் கேட்பதற்கும் முதலில் தேர்தல் நடந்தாக வேண்டும்.

மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்

ஒரே ‘மாணவர் கருத்து’ என்று எதுவும் இல்லை. கல்லூரி வளாகங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் நிலைப்பாடுகளைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் தெரியும்.

*‘அரசியல் வந்தால் அடிதடி வரும்.’* இது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்த குரல். 2008 நவம்பர் 12இல் சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்களுக்கு இடையே நடந்த சாதி மோதலைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. காவலர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த காட்சி பல வீடுகளில் இன்னும் மறக்கவில்லை. அந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே மோதலுக்கு மூலம் சாதி. தேர்தல் தவறாமல் நடந்ததால் வந்த வினை என்று அதைச் சொல்ல முடியாது.

*‘வேலைக்குப் போக வேண்டும், இதற்கெல்லாம் நேரமில்லை.’* வளாக நேர்காணலை நம்பிப் படிக்கும் பொறியியல், மேலாண்மை மாணவரிடம் இது வலுவாக இருக்கிறது. ஆறாவது பருவத்திலேயே நேர்காணல் தயாரிப்பு தொடங்கிவிடும். இவருக்கு மாநிலத் தேர்தல் என்பது ஒரு நாள் விடுமுறை, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்குமா என்ற கவலை.

*‘எங்கள் பேச்சை யார் கேட்கிறார்கள்?’* இதுதான் விடுதி மாணவிகளிடம் மிகுதியாகக் கேட்கும் குரல். மாலை ஆறு மணிக்கோ ஆறரைக்கோ விடுதிக் கதவு பூட்டப்படும் கல்லூரியில் ஆண்கள் விடுதிக்கு ஒன்பது மணி. நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும். அதைப் பயன்படுத்த மாணவிக்கு வழியில்லை. இதை யாரிடம் சொல்வது? வார்டனிடம் தனியாகப் போய்ச் சொன்னால் வீட்டுக்குத் தொலைபேசி போகும். பத்துப் பேர் சேர்ந்து போனால் ‘கும்பல் சேர்க்கிறாயா’ என்ற கேள்வி வரும். இருநூறு பேர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு மாணவி சொன்னால் நிர்வாகம் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். பேரவையின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பூட்டைக் காட்டினால் போதும்.

*‘பேரவை வேண்டும், கட்சி வேண்டாம்.’* இதைச் சொல்பவர்கள் நிறைய. புரிந்துகொள்ளக்கூடிய விருப்பம்தான். ஆயினும் 18 வயது நிரம்பியவர் எந்தக் கருத்தும் இல்லாமல் பொதுவாழ்வுக்கு வர வேண்டும் என்பது நடக்கக்கூடியதா? வெளிப்படையாக ஒரு கொள்கையைச் சொல்லி வாக்குக் கேட்பவரை அடுத்த ஆண்டு கேள்வி கேட்கலாம். சாதியையோ ஊரையோ மறைவாகச் சொல்லி வாக்கு வாங்கியவரை எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

பேரவை இல்லாத இடத்தில் யார் தலைவர்?

தலைமை என்பது வெற்றிடத்தை விட்டுவைக்காது. சென்னையின் சில கலைக் கல்லூரிகளில் அதை நிரப்பியவர் ‘ரூட்டு தல’. ஒவ்வொரு மாநகரப் பேருந்து வழித்தடத்துக்கும் ஒரு மாணவர் தலைவர். அவருக்கு மாலை, மேளம், பேருந்துக் கூரைமேல் ஊர்வலம், ஆண்டுக்கு ஒரு ‘பஸ் டே’. எந்த வழித்தடத்தில் எந்தக் கல்லூரிக்கு ஆதிக்கம் என்பதில் பட்டாக்கத்தி வரை போன மோதல்கள் நடந்திருக்கின்றன. வழக்குப் பதிந்து, பெற்றோரை வரவழைத்து, உறுதிமொழி வாங்கிக் காவல்துறை ஓய்ந்துபோகிறது.

அந்த இளைஞர்களில் பலர் சென்னையின் விளிம்பிலிருந்தும் திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களிலிருந்தும் வருபவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தன் ஆட்களைத் திரட்டவும், அவர்களுக்காக நிற்கவும், பெயர் வாங்கவும் அவர்களுக்கு ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றலுக்குக் கல்லூரி ஒரு வேட்புமனுப் படிவத்தைக்கூட நீட்டவில்லை. பேருந்துக் கூரை கிடைத்தது, ஏறிக்கொண்டார்கள். கத்தியை எடுத்தது குற்றம், அதற்குத் தண்டனை வேண்டும். அவர்களுக்கு வேறு மேடை தராதது நம் தவறு.

இன்னொரு வடிவம், தலைவரே இல்லாத எழுச்சி. 2013 மார்ச்சில் ஈழத் தமிழர் பிரச்சினைக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சில நாட்களில் மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் போராட்டத்தில் இறங்கின. அதே மாதம் 19ஆம் தேதி திமுக மத்திய அரசுக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கட்சித் தலைவர்களுக்கு அங்கே மேடையில் இடம் தரப்படவில்லை. அவசரச் சட்டம் வந்தது, சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது.

கோரிக்கை வென்றது. ஆனால் ஜனவரி 23 காலையில் காவல்துறை கடற்கரையைக் காலி செய்ய வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கலைவதா, தொடர்வதா, சட்டத்தின் நகலைப் படித்துப் பார்க்க அவகாசம் கேட்பதா என்று எல்லோர் சார்பிலும் முடிவெடுக்க ஒருவரும் இல்லை. யாரும் தேர்ந்தெடுக்காத சிலர் தொலைக்காட்சியில் ‘போராட்டம் முடிந்தது’ என்றார்கள். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் ‘அவர்கள் யார்?’ என்றார்கள். அன்று மாலைக்குள் தடியடியும் தீவைப்பும் நடந்துவிட்டன. 1965இல் இருந்த கல்லூரிப் பேரவைகளின் வலைப்பின்னல் 2017இல் இல்லை.

ஒரு கல்லூரியின் பிரச்சினை மாநில அரசியலாகும் தருணங்களும் உண்டு. 2003இல் மெரினா எதிரே உள்ள ராணி மேரிக் கல்லூரியை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் கட்ட ஜெயலலிதா அரசு முடிவெடுத்தது. 1914இல் தொடங்கிய அந்தப் பெண்கள் கல்லூரியின் மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே அமர்ந்து இரவு பகலாகப் போராடினார்கள். அவர்களைச் சந்திக்கப் போன மு.க. ஸ்டாலின் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி இன்றும் அங்கேயே இருக்கிறது. அந்த மாணவிகளை அரசியல் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

பிற மாநிலங்களில் வேறு பாதை

கேரளத்தில் கல்லூரித் தேர்தலே கட்சிகளின் பயிற்சிக் களம். ஏ.கே. அந்தோணியும் உம்மன் சாண்டியும் கேரள மாணவர் ஒன்றியத்திலிருந்து வந்தார்கள். பினராயி விஜயன் இடதுசாரி மாணவர் இயக்கத்திலிருந்து வந்தார். பீகாரில் லாலு பிரசாத் பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர். அசாமில் மாணவர் சங்கத் தலைவர் பிரபுல்ல குமார் மஹந்தா 1985 தேர்தலில் வென்று நேராக முதலமைச்சர் நாற்காலிக்கே போனார்.

கேரளப் பாதைக்கு விலையும் உண்டு. 2018இல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் ஒரு மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். கல்லூரிக்குள் அரசியல் நடவடிக்கையைத் தடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2003இல் கேரள உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை இருந்தது. நான் தமிழ்நாட்டுக்குக் கேட்பது கேரளத்தின் நகலை அல்ல. லிங்டோ விதிகளின்படி நடக்கும், கட்சிப் பணம் நுழையாத தேர்தலை.

மாணவர் கண்ணில் மாநிலத் தேர்தல்

கல்லூரிக்குள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துப் பழகாத மாணவருக்கு மாநில அரசியல் எப்படித் தெரியும்? பெரும்பாலும் திட்டங்களின் வழியாக. இலவச மடிக்கணினி, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன், கல்விக்கடன் தள்ளுபடி வாக்குறுதி, நீட் விலக்கு வாக்குறுதி. இவை சிறிய விஷயங்கள் இல்லை. கூலி வேலை செய்யும் தாயின் மகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது பேருந்துச் செலவும் புத்தகமும். அதற்காக வாக்களிப்பவரை இகழ யாருக்கும் உரிமை இல்லை.

எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். திட்டத்தைப் பெறுபவராக மட்டும் மாணவரைப் பார்க்கும் கட்சி, அவரோடு பேச வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிடுகிறது. உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன, கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகள் ஏன் ஓடுகின்றன, தேர்வு முடிவு ஏன் தாமதமாகிறது என்ற கேள்விகளைத் தேர்தல் அறிக்கைக் குழுவின் முன் வைக்கக் கல்லூரிகளின் சார்பில் எவரும் இல்லை. நாடார் முதல் நகைக்கடைக்காரர் வரை ஒவ்வொரு சங்கமும் அந்தக் குழுவைச் சந்தித்து மனுக் கொடுக்கிறது. மாணவரின் மனுவைக் கட்சியின் மாணவர் அணியே எழுதிக்கொள்கிறது.

வயதுக் கணக்கையும் பாருங்கள். வாக்களிக்க 18. ஊராட்சி, நகராட்சி உறுப்பினராக 21. சட்டமன்ற உறுப்பினராக 25. பட்டப் படிப்பு மாணவர் ஒருவர் தன் கல்லூரிக் காலத்தின் பெரும்பகுதியில் போட்டியிடக்கூடிய ஒரே பதவி மாணவர் பேரவைப் பதவிதான். அதை எடுத்துவிட்டால், பொதுவாழ்வுக்கு வர விரும்புபவருக்கு எஞ்சுபவை தலைவரின் வாரிசாக இருப்பது, கட்சிக்குக் கொடி கட்டுவது, சாதிச் சங்கத்தில் சேர்வது, நடிகரின் ரசிகர் மன்றத்தில் சேர்வது. 2024இல் நடிகர் விஜய் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகத்தின் பின்னால் மாணவர்கள் திரண்டதைப் பற்றிப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அவர்களை அமைப்பாகச் சந்திக்கும் வேறு கதவுகள் மூடிக் கிடந்தன என்பதையும் அந்த விளக்கங்களோடு சேர்க்க வேண்டும்.

விடுதி மாணவரின் வாக்கு எங்கே?

நடைமுறையில் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. விதிகள் வருமாறு:

1. தகுதி நாட்கள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அந்த நாளில் 18 நிரம்பினால் போதும். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

2. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. இடம் மாறினால் படிவம் 8.

3. விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ விடுதி இருக்கும் தொகுதியிலோ பெயர் சேர்க்கலாம். இரண்டு இடத்திலும் கூடாது. பொய்த் தகவல் தந்தால் அது தண்டனைக்குரிய குற்றம்.

4. மாணவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. திருநெல்வேலியில் பெயரும் சென்னையில் படிப்பும் என்றால் வாக்களிக்க ஊருக்குத்தான் போக வேண்டும்.

5. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.

எங்கே பதிவு செய்வது நல்லது? மூன்று, நான்கு ஆண்டுகள் தங்கும் இடத்தின் குடிநீரும் சாலையும் தெருவிளக்கும் தன்னைப் பாதிக்கின்றன என்று நினைப்பவர் விடுதி முகவரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கல்லூரி விடுதியில் ஆயிரம் வாக்குகள் ஒரே வாக்குச்சாவடியில் இருந்தால் அந்தத் தொகுதியின் வேட்பாளர் அந்த வாசலுக்கு வந்தே தீருவார்.

சட்டம் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கதவுகள்

பேரவைத் தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இரண்டு விதிமுறைகள் இப்போதே நடைமுறையில் உள்ளன.

பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று விதி நேரடியாகவே சொல்கிறது. நிர்வாகம் தனக்கு வேண்டியவரை நியமித்துவிட்டுப் பலகையில் பெயர் எழுதினால் அது விதிமீறல்.

2023ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு விதிமுறைகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். இங்கே தேர்தல் இல்லை. படிப்பு, விளையாட்டு ஆகியவற்றில் சிறந்தவரை நிர்வாகம் நியமிக்கிறது. அந்த அளவில் இது பலவீனமானது. ஆனாலும் குழுவின் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25 அன்று ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, அச்சமின்றியும் சாதி, மத, இன, மொழி வேறுபாடின்றியும் வாக்களிப்போம் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் மாணவர்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முதல்வரிடம் எழுத்தில் கேட்கலாம்: உள்ளகக் குழுவின் மூன்று மாணவ உறுப்பினர்களுக்கான தேர்தல் எந்தத் தேதியில் நடக்கிறது, வேட்புமனுவை யாரிடம் கொடுக்க வேண்டும்? அரசுக் கல்லூரியாகவோ அரசு உதவி பெறும் கல்லூரியாகவோ இருந்து பதில் வராவிட்டால், அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அனுப்பலாம். முப்பது நாட்களுக்குள் கல்லூரி எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.